வரிசையில் நின்ற இருபத்தேழு பேர்

இங்கே அமெரிக்காவில், பல்கலைக்கழக உணவுக்கூட வரிசையில் என் பையை வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வந்தால் பை இல்லை. தொலைந்த பொருள்களை வாங்கி வைக்கும் அறையில், ஒரு குடைக்கும் ஒற்றைக் கையுறைக்கும் நடுவில் அது உட்கார்ந்திருந்தது. "யாரோ விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்" என்றாள் அங்கிருந்த அமெரிக்கப் பெண். "விடவில்லை, நிற்க வைத்தேன்" என்றேன். அவள் ஒரு படிவத்தை நீட்டினாள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இப்போது சமூக உளவியலில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறேன். வரிசையில் ஒருவர் குறுக்கே புகுந்தால் மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்பதுதான் என் கேள்வி. அதற்காகவே போன விடுமுறையில் மேற்கு மாம்பலம் போய், எங்கள் தெரு மண்ணெண்ணெய்க் கடை வரிசையில் நோட்டும் கையுமாகப் புகுந்தேன். முதலில் ஒரு பெரியவருக்கு முன்னால். "வாம்மா, படிச்ச பொண்ணு" என்று அவர் நகர்ந்து இடம் விட்டார். அடுத்து ஓர் அரைச் செங்கல்லுக்கு முன்னால். தெருவே திரண்டுவிட்டது.

"இன்னாமே, கல்லு நிக்கறது கண்ணு தெரியல?" என்று எதிர்வீட்டுக் கனகாக்கா ஓடி வந்தாள்.

"கல்லுதானேக்கா..."

"கல்லா? அது நானு!"

அம்மா குறுக்கே வந்தாள். "உடு கனகா, நம்ம பொண்ணு. அமெரிக்காவுல படிக்குது."

"அங்க லைன்ல நிக்க சொல்லித் தரலியாமா?"

அன்று வரிசையில் இருபத்தேழு பேர் என்று எழுதினேன். நான் எடுத்திருந்த புகைப்படத்தைப் பார்த்த என் ஆய்வு வழிகாட்டிப் பேராசிரியர், "இதில் நான்கு மனிதர்கள்தான் இருக்கிறார்கள். மற்ற இருபத்துமூன்றையும் நீக்கு. இல்லாவிட்டால் ஆய்வேட்டில் கையெழுத்திட மாட்டேன்" என்றார். மனிதருக்கு முன்னால் புகுந்தபோது வராத கோபம் கல்லுக்கு முன்னால் வந்ததே என் கண்டுபிடிப்பு என்றேன்.

"கல்லுக்குக் கோபம் வருமா?" என்று கனிவாகக் கேட்டார்.

"வரும். கூப்பிடு தூரத்தில்தான் இருக்கும்."

சில நாள் ஓய்வெடுக்கச் சொன்னார்.

ஒன்றை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. அன்று அம்மா தன் தகர டின்னுக்குப் பின்னால் உருண்டைக் கல் ஒன்றும் வைத்திருந்தாள். யாருடையது என்று கேட்டேன். "உன்னுதுதான். ரேசன் கார்டுல உம்பேரு இன்னும் கீதே" என்றாள்.

ஆய்வேட்டை நாளை ஒப்படைக்க வேண்டும். கையெழுத்து கிடைக்குமா, தெரியாது. இருபத்தேழு என்றே தட்டச்சு செய்துவிட்டேன். அதில் பதினொன்றாவது இடத்தில், அம்மாவின் டின்னுக்கும் யாரோ ஒருவரின் ஒற்றைச் செருப்புக்கும் நடுவில், நான் நின்றுகொண்டிருக்கிறேன்.