அவள் அப்பாவுக்காக நான் பேசிய வழக்கு

மூன்று வருடச் சட்டப் படிப்பில் நான் சேர்ந்தபோது என் மகள் கைக்குழந்தை. நான் தெற்கே, ஒரு ராத்திரி ரயில் தூரத்தில், கல்லூரி விடுதியில் இருந்தேன். அவள் திண்டிவனத்தில் என் அக்கா வீட்டில் இருந்தாள். கணவருக்கு லாரி ஓட்டும் வேலை. வாரத்தில் பாதி நாள் ஊரில் இருக்க மாட்டார். பொங்கல் லீவுக்குப் போனபோது குழந்தை என்னைப் பார்த்துவிட்டு அக்காவின் முந்தானைக்குள் ஒளிந்து, அவளை "அம்மா" என்று கூப்பிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

அப்போது விழுப்புரத்தில் சட்டக் கல்லூரி வந்திருந்தது. மாற்றல் கிடைத்தால் திண்டிவனத்திலிருந்து தினமும் ரயிலில் போய் வரலாம். கிடைக்காவிட்டால் படிப்புக்கே ஒரு கும்பிடு என்று முடிவு செய்து மனு கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் தெரிந்தது, இரண்டாம் வருடத்தில் காலியாக இருப்பது ஒரே இடம், அதற்கு இன்னொரு மனுவும் போயிருக்கிறது. கொடுத்தவள் என் அறைத் தோழி. செஞ்சிப் பக்கம், வல்லத்துக்காரி. என்னைவிடச் சின்னவள், அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அம்மா இல்லாத வீடு. கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அப்பாவுக்குப் பார்வை மங்கிவிட்டது. தனியாகக் கூழ் காய்ச்சப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டிருந்தார்.

யாராவது ஒருத்தி வாபஸ் வாங்கினால் மற்றவளுக்குக் கிடைத்துவிடும் என்றார்கள். சில நாள் நாங்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் அவளே வாயைத் திறந்தாள்.

"இப்பிடி மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினு எத்தினி நாளைக்குக்கா இருக்கறது? வக்கீலுக்குத்தான படிக்கிறோம்? கேஸா நடத்திடலாம். ஆனா உன் கேஸை நான் பேசறேன், என் கேஸை நீ பேசு."

சட்டம் படிக்கிறவளிடம் இப்படிச் சவால் விட்டால் மாட்டேன் என்றா சொல்வாள்? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் அறையில் கோர்ட்டு கூடியது. கட்டிலின் மேல் மூன்று சீனியர் அக்காக்கள் நீதிபதிகள். நாங்கள் இருவரும் நைட்டிக்கு மேல் கறுப்புக் கோட்டு. யாருடைய கேஸ் தோற்கிறதோ அவள் மனுவை வாபஸ் வாங்க வேண்டும் என்று பேச்சு. அவள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

முதலில் அவள் அப்பாவுக்காக நான் பேசினேன். நன்றாகவே பேசினேன். சுட்ட கையைச் சொன்னபோது ஒரு நீதிபதி துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜெயித்துவிடுவேனோ என்று எனக்கே பயமாகிவிட்டது.

பிறகு அவள் எழுந்தாள்.

"யுவர் ஆனர், என் கட்சிக்காரர் டெய்லி போனைக் காதுல வச்சிக்கினுதான் தூங்கறாங்க. பேசறதுக்கு இல்ல. கொழந்தை மூச்சு விடற சத்தத்தைக் கேக்கறதுக்கு."

ராத்திரியில் திண்டிவனத்து அக்கா போனைக் குழந்தை பக்கத்தில் வைப்பாள்; விடுதியில் இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. தோழி தூங்கிவிட்டாள் என்று நினைத்துத்தான் போர்வைக்குள் போனை வைத்திருப்பேன்.

நடுவில் இருந்த சீனியர் அவளை நிறுத்தினார். "எதிர்த்தரப்புல கண்ணு சரியாத் தெரியாத ஒரு மனுஷன் தனியா இருக்கார். அதுக்கு என்ன சொல்றீங்க?"

கேட்டது அவளுடைய அப்பாவைப் பற்றி. கொஞ்சம் தடுமாறினால் போதும், இடம் அவளுக்கு. யாரும் அவளைக் குறை சொல்லப் போவதில்லை. அவள் சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தாள். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அவருக்கு மக யாருன்னு தெரியும், யுவர் ஆனர். ரெண்டு வருஷம் கழிச்சிப் போய் நின்னாலும் தெரியும். இந்தக் கொழந்தைக்கு அம்மா யாருன்னு இப்பவே மறந்துக்கினு வருது."

அதற்குப் பிறகு எத்தனையோ பெரிய வக்கீல்கள் பேசிக் கேட்டிருக்கிறேன். அந்தப் பேச்சுக்கு ஈடாக ஒன்றும் கேட்டதில்லை. தனக்கு வேண்டியதை ஒருத்தி தன் வாயாலேயே இன்னொருத்திக்கு வென்று கொடுத்துக்கொண்டிருந்தாள், அதுவும் குரல் நடுங்காமல். பதில் சொல்ல எனக்கு உரிமை இருந்தது. அவள் அப்பாவுக்காக மனதுக்குள் தேடினேன், நிஜமாகவே தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை.

இடம் எனக்கு என்று தீர்ப்பு வந்தது. மறுநாள் அவள் வாபஸ் எழுதிக் கொடுத்தாள்.

விழுப்புரத்தில் சேர்ந்த பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வல்லத்துக்கு பஸ் ஏறினேன். அவள் அப்பா வாசலில் உட்கார்ந்து, கையால் தடவித் தடவி மல்லாட்டையை உடைத்துக் கடலை எடுத்துக்கொண்டிருந்தார். நடந்ததையெல்லாம் அவள் போனில் சொல்லியிருந்தாள். நான் யார் என்று சொல்வதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"உங்களுக்காகப் பேசினவ நான்தாங்க. தோத்துட்டேன்."

அவர் குரல் வந்த பக்கம் திரும்பினார். துழாவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அதுக்கு ஏம்மா அழுவுற? எதிர்ல நின்னது எம் பொண்ணாச்சே. நீ இன்னா பண்ணுவ?"