நான் பதிந்த ‘இல்லை’

எங்கள் பிரதேச செயலகத்தில் பழைய பிறப்புப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றத் தொடங்கிய வருடம்தான் நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். பட்டதாரி நியமனம். அலுவலகத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி என்பதால், தோட்டங்களின் தமிழ்ப் பதிவுகள் எல்லாம் என் மேசைக்கு வந்தன. அட்டை பிய்ந்த, பூச்சி அரித்த தடித்த புத்தகங்கள். ஒரு பிறப்புக்கு ஒரு திரை. பெயர், திகதி, தாய், தகப்பன், எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு கட்டம்: பெற்றோர் விவாகமானவர்களா? அந்தக் கட்டம் திறக்கும்போதே ‘இல்லை’ என்றுதான் இருக்கும். நாம்தான் அதை ‘ஆம்’ என்று மாற்ற வேண்டும். மாற்ற மறந்தால் கணினி எதுவும் கேட்காது, அடுத்த பிறப்புக்குப் போய்விடும்.

மாதக் கடைசியில் கொழும்பிலிருந்து அதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள் என்றார்கள். அதற்குள் முடிக்க வேண்டும். நான் பகல் சாப்பாட்டைக்கூட மேசையிலேயே வைத்துக்கொண்டு பதிந்தேன். முடித்தும் விட்டேன். வந்தவர்களுக்கு முன்னால் எங்கள் பொறுப்பதிகாரி என்னைக் காட்டி, தமிழ்ப் பக்கம் முழுவதையும் இவர் ஒருவரே செய்தார் என்று சொன்னார். அன்று நான் புதுச் சேலை கட்டியிருந்தேன். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த வார்த்தையையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் வீடு ரம்புக்கனைக்கு அப்பால் ஒரு றப்பர் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் இருந்தது. அலுவலகத்தில் யாருக்கும் அது தெரியாது. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. என் சிங்களத்தைக் கேட்டு என்னை டவுன் பிள்ளை என்றே நினைத்திருந்தார்கள். அந்த நினைப்பை நான் கலைக்கவில்லை.

சில மாதங்கள் கழித்து என்னைக் கவுண்டரில் உட்கார வைத்தார்கள். முன்பெல்லாம் ஒரு பிறப்புச் சான்றிதழுக்கு இரண்டு மூன்று தடவை வர வேண்டும். இப்போது பத்து நிமிடத்தில் அச்சடித்துக் கொடுத்துவிடுவோம். ஆட்கள் அதைக் கையில் வாங்கி அதிசயமாகப் பார்ப்பார்கள். எனக்குப் பெருமையாக இருக்கும்.

அப்படி ஒரு காலையில்தான் அந்தத் தாயும் மகளும் வந்தார்கள். தாய்க்கு ஐம்பது வயது இருக்கும். பால்வெட்டுகிறவர் என்று விரல்களைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நகக்கண்களில் றப்பர் பாலின் கறுப்பு. என் அம்மாவின் விரல்களும் அப்படித்தான். மகள் இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயதுப் பெண். தாயின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றாள்.

தாய் ஒரு சான்றிதழை என் முன்னால் வைத்தார். போன வாரம் நாங்கள் அச்சடித்துக் கொடுத்ததுதான்.

“மிஸ், இதுல ஒரு பிழை இருக்குங்க. புள்ளக்கி கல்யாணம் பேசி முடிச்சிருக்கோம். மாப்பிள்ள வீடு கொடகவெல பக்கம். ரெஜிஸ்டர் பண்ண இத கேட்டாங்கன்னு குடுத்தோம். மாப்பிள்ளயோட மாமா வாசிச்சிப் பார்த்துட்டு, கல்யாணம் கட்டாதவங்களுக்குப் பொறந்த புள்ளயான்னு சபையில கேட்டுட்டாருங்க.”

கடைசிக் கட்டத்தைப் பார்த்தேன். ‘இல்லை’ என்றிருந்தது.

தமிழ்ப் பதிவு என்றால் பதிந்தது நான்தான். அப்போதே எழுந்து, இருபது அடி தள்ளியிருந்த பதிவேட்டு அறைக்குப் போய்ப் பார்த்திருக்கலாம். போகவில்லை. வரிசை நீளமாக இருந்தது என்று பிறகு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

“பதிவுத் திருமணமா? சான்றிதழ் இருக்கா?” என்று கேட்டேன்.

“ரெஜிஸ்டர் பண்ணலீங்க மிஸ். தோட்டத்துக் கோயில்ல தாலி கட்டுனாரு. இவ அப்பா ரெண்டு வருசத்துக்கு முந்தி கொளவி கொட்டி செத்துப் போயிட்டாரு.” பையிலிருந்து பொலித்தீன் உறையில் சுற்றிய ஒரு படத்தை எடுத்துக் காட்டினார். ஸ்டூடியோவில் எடுத்த படம். மாலையோடு இரண்டு பேர், இருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை. “பாருங்க மிஸ். கல்யாணத்தன்னிக்கி எடுத்தது.”

கோயிலில் தாலி கட்டிய கல்யாணமும் கல்யாணம்தான் என்று எனக்குத் தெரியும். சட்டமும் அதை ஏற்கிறது. என் அப்பா அம்மாவும் அப்படிக் கட்டிக்கொண்டவர்கள்தான்.

“படம் செல்லாதும்மா. கம்பியூட்டர்ல இப்பிடித்தான் இருக்கு” என்றேன்.

பின்னால் இருந்த பொறுப்பதிகாரி தலையை உயர்த்தி, “மொகத ப்ரஷ்னே?” என்று கேட்டார். என்ன பிரச்சினை என்று கேட்கிறார். நான் திரும்பி, மண்டபத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி சிங்களத்தில் சொன்னேன்:

“தாய் தகப்பன் கல்யாணம் முடிக்காதவர்கள், சேர். இப்போது வந்து மாற்றித் தரச் சொல்கிறார்கள்.”

வரிசையில் நின்ற இரண்டு பெண்கள் அந்த மகளைத் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் பக்கத்துத் தோட்டத்து ஆட்களுக்குச் சிங்களம் தெரியாதா என்ன? சந்தையிலும் பஸ்ஸிலும் அவர்கள் பேசுவதே சிங்களம்தான். அது எனக்கு மறந்துபோகவில்லை. தெரிந்தே சொன்னேன்.

தாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். குரலை உயர்த்தவில்லை. “எனக்கு சிங்களம் வெளங்கும் மிஸ்” என்று மட்டும் சொன்னார்.

மகள் படத்தை எடுத்து உறைக்குள் போட்டாள். சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசியும், கல்யாணத்தைக் கண்ட இரண்டு பேரின் கடிதமும் கொண்டுவரச் சொல்லி ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனார்கள்.

பகல் இடைவேளையில் பதிவேட்டு அறைக்குப் போய் அந்தப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். மை மங்கியிருக்க வேண்டும், பூச்சி அரித்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே பக்கத்தைத் திறந்தேன். அரிக்கவில்லை. தோட்டத்துக் கிளாக்கரின் உருண்டைக் கையெழுத்தில், நேற்று எழுதியது போலத் தெளிவாக, ‘ஆம்’ என்றிருந்தது.

புத்தகத்தை மூடி இருந்த இடத்திலேயே வைத்தேன். பொறுப்பதிகாரியிடம் போய், பிழை என்னுடையது என்று ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால் அன்று பின்னேரமே திருத்தியிருப்பார்கள். என் நியமனம் இன்னும் நிரந்தரமாகவில்லை. ஒரு பிழை வெளியே வந்தால் மற்றதையும் தோண்டுவார்கள் என்று பயந்தேன். அதைவிட, புதுச் சேலையோடு நான் நின்ற அந்த நாள் பொய்யாகிவிடும் என்று பயந்தேன்.

இரண்டு வாரம் கழித்துத் தாய் மட்டும் வந்தார். சத்தியக்கடதாசி, கோயில் ஐயரின் கடிதம், இரண்டு சாட்சிகளின் கடிதம், எல்லாம் ஒழுங்காக இருந்தன. அவற்றுக்காக எத்தனை நாள் வேலைக்குப் போகாமல் அலைந்தாரோ, நான் கேட்கவில்லை. கடதாசிகளை நான் அடுக்கும்போது, “மிஸ் நீங்க எந்தத் தோட்டம்?” என்றார்.

“ஏன்?”

“பேச்சுல தெரியுதுங்க. நம்ம பக்கத்துப் பேச்சு.”

“நான் டவுன்” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். நம்பினாரா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

விண்ணப்பதாரர் கேட்ட திருத்தமாகத்தான் அதை மேலே அனுப்பினேன். எங்கள் பிழை என்று எழுதியிருந்தால் ஒரு நாள் வேலை. இப்படி அனுப்பியதால் இரண்டு மாதத்துக்கு மேல் இழுத்தது. நடுவில் ஒரு முறை மகள் தொலைபேசியில் விசாரித்தாள். குறித்த முகூர்த்தம் தள்ளிப்போய்விட்டது என்றாள். ஆனாலும் மாப்பிள்ளை தன் வீட்டாரோடு சண்டை போட்டு, இந்தப் பெண்ணைத்தான் கட்டுவேன் என்று நிற்கிறார் என்றும் சொன்னாள். அதைக் கேட்டு எனக்கு நிம்மதி வந்தது. அந்த நிம்மதிக்கும் வெட்கப்பட்டேன்.

திருத்திய சான்றிதழ் வந்த அன்று தாயும் மகளும் சேர்ந்து வந்தார்கள். கொடுக்கும்போது சொல்லிவிட வேண்டும் என்று காலையிலிருந்து வார்த்தைகளைக் கோத்து வைத்திருந்தேன்.

“பிழை எங்க பக்கந்தான்” என்று ஆரம்பித்தேன். ‘என் பிழை’ என்று சொல்லத்தான் நினைத்திருந்தேன்.

“கம்பியூட்டர் பிழைங்களா மிஸ்?” என்றார் தாய்.

“ஆமா” என்றேன்.

“அது மெசினு, அதுக்கு என்ன தெரியும்” என்று சொல்லி இரண்டு கைகளாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்க இல்லேன்னா எங்களுக்கு இங்க யாரு இருக்கா மிஸ்?”

மகள் மட்டும் என்னைப் பார்க்கவில்லை. கடைசிக் கட்டத்தை விரலால் தொட்டுப் படித்துவிட்டு, தாளை மடித்து வைத்துக்கொண்டாள்.

அதற்கு அடுத்த வாரம் பொறுப்பதிகாரியிடம் உண்மையைச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். சிரித்தார். எல்லா இடத்திலும் நடப்பதுதான், பதிவுகளை மறுபடி சரிபார், வெளியே பேசாதே என்றார். இப்போது தினமும் காலையில் அலுவலகம் திறந்ததும் ஒரு மணி நேரம் பழைய புத்தகங்களோடு உட்காருகிறேன். இன்னும் பல ‘இல்லை’கள் அகப்பட்டன. ஒவ்வொன்றையும் நானே எழுதித் திருத்துகிறேன். அவற்றில் எத்தனை ஏற்கெனவே அச்சாகி யார் வீட்டுச் சபையில் வாசிக்கப்பட்டன என்று கண்டுபிடிக்க வழியில்லை.

அந்தத் தாய் கல்யாணப் பத்திரிகையைக் கவுண்டருக்கே கொண்டுவந்து தந்தார். உறையின் மேல் ‘மிஸ்’ என்று மட்டும் எழுதியிருந்தது. கட்டாயம் வர வேண்டும் என்றார். அன்றைக்கு டியூட்டி இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். கல்யாணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை.