தாத்தா மரத்துக்கு வேலி போட்ட தலைவர்

தேசோங் ஊர்த் தலைவர் பியோ மான்சிக்குக்கு ஐம்பத்தாறு வயது. அதில் பதினொரு வருஷம் தலைவராக இருந்தது. மீதி நாற்பத்தைந்தும் தலைவராவதற்கு ஆன செலவு. பட்டாளத்தில் சமையல், பூசான் துறைமுகத்தில் மீன் லாரி, பிறகு மாமனார் தோட்டத்தில் பேரிக்காய். இதையெல்லாம் அவர் யாரிடமும் சொல்ல மாட்டார். வேலியைப் பற்றி மட்டும் கேட்காமலே சொல்வார்.

ஊர் முகப்பில் நானூறு வயதில் ஒரு பைன் மரம் நின்றது. ஊருக்கே அது தாத்தா. வசந்தம் வந்தால் அதன் வேருக்கு மக்கோலி ஊற்றுவார்கள். அரிசியில் வடித்த கள்தான். வேருக்கு ஒரு குடம் போனால் ஊற்றுகிறவர்களுக்கு இரண்டு குடம் போகும். அப்படிப்பட்ட தாத்தாவைச் சுற்றி வேலி இல்லையே என்று மான்சிக்குக்குத் தூக்கம் வரவில்லை.

மார்ச்சில் வேலிக்கு மரம் கிடைத்தது. இரண்டு மாவட்டம் தள்ளி அவர் மச்சானின் மலையில்.

"நின்ன இடத்துலயே காஞ்ச பைனு மச்சான். சும்மாவே எடுத்துட்டுப் போங்க" என்றான் மச்சான்.

ஏன் காய்ந்தது என்று மான்சிக் கேட்கவில்லை. சும்மா கிடைப்பதைக் கேள்வி கேட்க அவருக்கு என்ன கிறுக்கா? பட்டையை உரிக்கவும் விடவில்லை. பட்டையோடு இருந்தால்தான் இயற்கையாக இருக்குமாம். வழியில் பைன் மரம் கடத்தாமல் பார்க்கும் சாவடியில் நிறுத்தினார்கள்.

"அனுமதிச் சீட்டு எங்க?"

"தாத்தா மரத்தக் காப்பாத்தத்தான்யா மரம் கொண்டுபோறேன். காப்பாத்துறதுக்குக்கூடச் சீட்டா?"

காவலாளி தடுப்புக் கம்பியைத் தூக்கினான். விட்டுவிட்டான்.

வேலி எழுந்தது. திறப்பு விழாவில் மான்சிக் பேசிய பேச்சு வேலியைவிட நீளம்.

ஆகஸ்டில் தாத்தாவின் ஊசி இலைகள் தொங்கிப்போய், பிறகு செங்கல் நிறமாயின. வெயில் என்றார் மான்சிக். பக்கத்து ஊர்ப் புகைபோக்கி என்றார். பக்கத்து வீட்டு மா தால்சுதான் வேறு மாதிரி சொன்னான்.

"தாத்தாவுக்குப் போதை தெளியல தலைவரே. மோர் குடுத்துப் பாருங்க."

மான்சிக் மேலும் ஆறு குடம் மக்கோலி ஊற்றி ஒரு விசேஷ பூஜையும் வைத்தார். வேலிக் கட்டைகளில் பென்சில் நுழையும் அளவில் வட்டமான துளைகள் இருந்தன. வேலி போட்டவன் முன்யோசனைக்காரன் என்று மெச்சியபடி ஊரே அவற்றில் ஊதுபத்தி செருகியது.

செப்டம்பரில் வன அலுவலகத்திலிருந்து பான் கியோங்ஹி என்ற பெண் அதிகாரி வந்தார். தாத்தாவின் பட்டையை உளியால் கொத்தினார். சொட்டுப் பிசின்கூட வரவில்லை.

"உயிருள்ள பைனு காயம் பட்டா பிசின் விடும். இது முடிஞ்சுபோச்சு தலைவரே. உள்ள புழு."

"புழுவா? கண்ணுலயே படலையே."

"தெரியாது. ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. நடக்கவும் தெரியாது. அதுக்கு வண்டிதான் நீள மீசை வண்டு. வண்டோட மூச்சுக்குழாய்க்குள்ள ஆயிரக்கணக்குல ஏறி உக்காந்துக்கும். வண்டு இளங்கிளையக் கடிக்கிறப்ப காயத்து வழியா இறங்கிடும். உள்ள பெருகி மரத்துக்குத் தண்ணி ஏற விடாது. சாகுற மரம்தான் வண்டுக்கு முட்டை போட வேணும். புழுவுக்கு வண்டு வண்டி, வண்டுக்காக மரத்தக் கொல்ற கூலிக்காரன் புழு."

மான்சிக் தலையாட்டினார். மாவட்ட அதிகாரிகளைத் தன் வண்டியில் ஏற்றிச் சுற்றுபவருக்கு இந்த ஏற்பாடு புரியாதா?

கியோங்ஹியின் கண் ஊதுபத்திகளில் நின்றது.

"இந்தத் துளை யாரு போட்டது?"

"வேலிக்காரன்தான். எவ்வளவு கச்சிதம் பாருங்க."

"இது வண்டு வெளிய வந்த வாசல். இந்தக் கட்டை எந்த ஊரு?"

மான்சிக் சாய்ந்திருந்த ஓர் ஊதுபத்தியை நேராக்கினார். "எங்க... எங்க பின்மலையிலயே விழுந்ததுதான்."

"அப்படின்னா நோவு உங்க மலையில இருக்கு. மலையை மூடணும். இந்த வருஷம் காளானுக்கு ஒருத்தரும் ஏறக்கூடாது. நாளைக்குக் காலைல எழுதிக் கையெழுத்து வாங்கிக்கிறேன்."

பைன் காளான்தான் ஊரில் பாதி வீட்டுக்கு வருஷச் சோறு. வீட்டுக்கு வந்து சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தவரை மனைவி ஒக்புன் பார்த்தாள்.

"சூஜின் அப்பா, நெசத்தச் சொன்னா உங்க மூஞ்சி ஒண்ணுதான் போகும். அது ஒண்ணும் பெரிய மூஞ்சி இல்ல. சொல்லிடுங்க."

"உன் தம்பி பேரும் வருமே."

"வரட்டும். சும்மா குடுத்தப்பவே எனக்குச் சந்தேகம். அவன் எதையாச்சும் சும்மா குடுத்திருக்கானா?"

மறுநாள் காலை ஊர் ஒலிபெருக்கி கரகரத்தது.

"ஆ, ஆ. தலைவர் பேசுறேன். வேலி மரம் நம்ம மலையில விழுந்ததில்ல. சீட்டு இல்லாம வெளியூர்லேருந்து நான்தான் கொண்டாந்தேன். அதுல வண்டு இருந்திருக்கு. சோம்பேறி வண்டு சிலது அடுத்த மே மாசம் வரைக்கும் உள்ளயே தூங்குமாம். மிச்சம் விழுந்த எட்டுத் துண்ட முக்காலின்னு உங்களுக்குக் குடுத்தேன். மத்தியானத்துக்குள்ள கொண்டாந்துடுங்க. திட்டுறவங்க வரிசையா வந்து திட்டுங்க, நான் எங்கயும் போகல."

நிஜமாகவே வரிசை நின்றது. கியோங்ஹி பின்மலையில் அறுபது மரத்தைக் கொத்திப் பார்த்துவிட்டு இறங்கினார். அறுபதும் பிசின் விட்டன. மலையை மூட வேண்டாம், குளிர்காலத்தில் மரங்களுக்கு மருந்து ஊசி போட்டால் போதும் என்றார். வேலியும் தாத்தாவும் மட்டும் பொடியாக வேண்டும்.

ஏழு முக்காலி வந்து சேர்ந்தது. எட்டாவது தால்சுவிடம் கொடுத்தது.

"அத அன்னைக்கே தரையச் சூடாக்குற அடுப்புல வச்சிட்டேன் தலைவரே. கோணக் கட்டை, உக்காந்தா ஒரு பக்கமா சாயுது."

"தலைவர் குடுத்ததடா அது! ஆசையா குடுத்தத எரிச்சியா நீ?" மான்சிக்கின் கழுத்து நரம்பு புடைத்தது.

"பட்டையோடவா எரிச்சீங்க?" என்று கேட்டார் கியோங்ஹி.

"பட்டை என்ன, சாம்பலக்கூட முள்ளங்கிக்குப் போட்டுட்டேன்."

"இந்த ஊர்ல அந்த மரத்த முறையா ஒழிச்சது நீங்க ஒருத்தர்தான்" என்று சொல்லியபடி எழுதிக்கொண்டார் அவர். "ஊசி போடுறப்ப மலையப் பாத்துக்க ஒரு ஆள் வேணும். வர்றீங்களா?"

தால்சு தலைவரைப் பார்த்தான். தலைவர் குனிந்து முதல் வேலிக் கட்டையைப் பிடுங்கித் தோளில் போட்டார். அரவை வண்டி ஏற்கனவே உறுமிக்கொண்டிருந்தது.