மயில்வாகனம் கடையில் சாப்பிட்ட கதை

கடைக்குள் நுழைந்ததும் மயில்வாகனம் முதலில் அண்ணாந்து பார்ப்பார். மின்விசிறியின் இறக்கையில் அழுக்கு எவ்வளவு தடிப்பாகப் படிந்திருக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும். பிறகு, நாற்காலியை இழுத்துப் போடுகிற சாக்கில் மேசையின் அடிப்பக்கத்தை நடுவிரலால் ஒரு தடவு தடவி, விரலை மூக்கருகே கொண்டுபோவார். தே தாரேக் டீ ஆற்றுகிறவர் தோளில் கிடக்கும் துண்டு எங்கெங்கே போய்வருகிறது என்பதையும் ஓரக்கண்ணால் கவனிப்பார். முதலில் மேசை, அப்புறம் கழுத்து, அப்புறம் குவளையின் விளிம்பு. அதற்குள் யாராவது வந்து, "என்ன சாப்புடுறீங்க அங்கிள்?" என்று கேட்டுவிடுவார்கள்.

"எனக்குப் பசியில்லை" என்பார்.

குனோங் ராபாட்டில் எங்கள் வரிசை வீடுகளில் இந்தப் பதிலைக் கேட்காதவர்கள் இல்லை. அவர் சுகாதார இன்ஸ்பெக்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குடிவந்த புதிதில் 'இன்ஸ்பெக்டர்' என்ற சொல் மட்டும் தெருவில் பரவி, எதிர்வீட்டுக்காரர் பயந்துபோய் மோட்டார் சைக்கிளுக்கு ரோட் டேக்ஸ் கட்டிவிட்டு வந்தார். போலீஸ் இல்லை, சாப்பாட்டுக் கடை பார்க்கிறவர் என்று தெரிந்ததும் தெரு நிம்மதியடைந்தது. ஆனால் அதற்குப் பிறகு யாரும் அவரைத் தைரியமாக விருந்துக்குக் கூப்பிட்டதில்லை.

கல்யாண வீட்டில் அவர் இலையில் உட்கார மாட்டார். ஒரு வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் நிற்பார். வாழைப்பழத்தையும் அவித்த முட்டையையும் மட்டும்தான் அவர் நம்புவார். இரண்டும் தங்களுக்கு வேண்டிய உறையைத் தாங்களே போட்டுக்கொண்டு வருகின்றனவாம். அவருடைய மகள் சுபாஷினியின் கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரத்தில் பெண்ணின் தகப்பனைக் காணவில்லை என்று மண்டபமே தேடியது. கடைசியில் பின்கட்டில், சமையல்காரர்களை வரிசையாக நிற்க வைத்து நகம் பார்த்துக்கொண்டிருந்தவரைக் கையோடு பிடித்து வந்தார்கள்.

இப்படிப்பட்டவருக்கு மூன்று வேளையும் யார் சமைத்துப் போட்டிருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. சாரதாதேவி அக்கா தபால் நிலையத்தில் வேலை பார்த்தவர். காலையில் சமைத்து வைத்துவிட்டு வேலைக்குப் போவார், மாலையில் வந்து மறுபடியும் அடுப்படிக்குப் போவார். பினாங்குக்குப் போனாலும் கேமரன் மலைக்குப் போனாலும் அடுக்குப் பாத்திரம் கூடவே போகும். ஆள் சின்ன உருவம், பேச்சும் குறைவு. வெள்ளிக்கிழமை கோயிலில் தேவாரம் பாடும்போதுதான் அவர் குரல் தெருவுக்குத் தெரியும். சிரிக்கும்போது வாய் அசையாது, மூக்குக்கண்ணாடி மட்டும் கொஞ்சம் மேலே ஏறும்.

ஓய்வுக்குப் பிறகு மயில்வாகனம் கைப்பேசியில் ஒரு வீடியோ பார்த்தார். ஆஸ்திரேலியாவில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி, வீடு மாதிரி ஒரு வண்டியில் கடலோரமாகவும் திராட்சைத் தோட்டங்கள் வழியாகவும் நாள்கணக்கில் போகிறார்கள். நினைத்த இடத்தில் நிறுத்திச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். மயில்வாகனம் அதைப் பல தடவை பார்த்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டார்.

"பாரும் சாரதா, இவையள் ஒரு கடைக்கும் போகேல்லை."

சாரதா அக்கா கடையைப் பார்க்கவில்லையாம். வண்டிக்கு வெளியே நாற்காலி போட்டுக் கால் நீட்டி உட்கார்ந்திருந்த அந்த வெள்ளைக்காரியையும் அவள் கையிலிருந்த வைன் கிளாஸையும்தான் பார்த்துக்கொண்டிருந்தாராம். என் மனைவி விமலாவிடம் அவரே சொன்னது இது.

அடுத்த மாதமே ஏலத்தில் ஒரு வேன் வந்து சேர்ந்தது. ஒரு காலத்தில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளுக்குப் பல் பிடுங்கிய வண்டி. பத்து காஜா ஊரில் பட்டறை வைத்திருக்கும் கனகராஜ் அதில் அடுப்பும் கட்டிலும் பொருத்திக் கொடுத்தான். கைகழுவும் தொட்டி ஏற்கெனவே இருந்ததால் செலவு மிச்சம். என்ன செய்தும் போகாதவை இரண்டு: உள்ளே கிராம்புத் தைல வாசனை, வெளியே எத்தனை சாயம் அடித்தாலும் மங்கலாகத் தெரிந்துகொண்டே இருந்த, சிரிக்கிற ஒரு பல்லின் படம்.

வண்டியை எடுக்கப் போன அன்று சாரதா அக்கா, நம் நாட்டில் அந்த மாதிரி வைன் ஊர் எதுவும் உண்டா என்று கனகராஜிடம் மெதுவாகக் கேட்டிருக்கிறார்.

"ஏன் இல்ல, சித்தியவான் இருக்குலா ஆன்டி" என்றான் கனகராஜ். "சீனவங்க வீட்லயே அரிசில செவப்பு வைன் செய்வாங்க. அத ஊத்தி மீ சுவா நூடல்ஸ் போடுவாங்க. ஒரு மங்கு குடிச்சா போதும், காது ரெண்டும் சூடாயிரும்."

லுமுட் கடற்கரைக்குப் போகிற பாதையிலேயே சித்தியவான் இருக்கிறது என்பதையும் அவன் சொன்னான். மூக்குக்கண்ணாடி கொஞ்சம் ஏறியதாம்.

பயணம் புறப்பட்ட காலையில் தெருவே வேடிக்கை பார்த்தது. கொதித்து ஆறிய தண்ணீர் கேன் கேனாக ஏறியது. அரிசி, பருப்பு, அரைத்து வைத்த தூள், இறைச்சிக்கு ஒன்று மீனுக்கு ஒன்று காய்கறிக்கு ஒன்று என்று நிறம் நிறமாக வெட்டுப்பலகைகள் ஏறின. மயில்வாகனம் புதுத்தொப்பி போட்டிருந்தார். சாரதா அக்கா ஏறி உட்கார்ந்தார்.

பாரிட்டில் ஆற்றங்கரையில் நிறுத்தினார்கள். ஆற்றை மயில்வாகனம் பார்த்தார், சாரதா அக்கா சொதி வைத்தார். ஆயர் தாவாரில் ஒரு மரநிழலில் நிறுத்தினார்கள். அவர் காற்று வாங்கினார், அக்கா பாத்திரம் கழுவினார். சித்தியவான் கடைத்தெரு வந்தபோது அக்கா ஜன்னல் கண்ணாடியை இறக்கினார். ஒவ்வொரு கடை வாசலிலும் சிவப்புக் குழம்பின் படம். மயில்வாகனம் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு வண்டியை விரட்டினார்.

லுமுட்டுக்குப் பக்கத்தில், தெலுக் பாத்திக் கடற்கரையில் வண்டியைப் போட்டார்கள். சுற்றிலும் குடும்பம் குடும்பமாகச் சுட்ட மீன் வாங்கித் தின்றுகொண்டிருந்தார்கள். மயில்வாகனம் நாற்காலி போட்டுக் கடலைப் பார்த்து உட்கார்ந்தார். சாரதா அக்கா உள்ளே கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தார். தொட்டிக்கு மேலே பிள்ளைகளின் பல்லுக்கு வெளிச்சம் வர வைத்த சின்ன ஜன்னல் வழியாக, ஒரு சாண் கடல் தெரிந்தது. நடுவில் ஒரு மலாய்க்காரப் பெரியவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து, டாக்டர் இருக்கிறாரா என்று கேட்டார். மயில்வாகனம் மலாயில் விளக்கிச் சொல்லி, உப்புத் தண்ணீரால் கொப்பளிக்கச் சொல்லி அனுப்பினார். அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். அவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஓய்வுக்குப் பிறகு முதல் தடவையாக யாரோ அவர் சொல்வதைக் கேட்கிறார்கள்.

அன்று பின்னேரம் சாரதா அக்கா தண்ணீர் கொதிக்க வைக்கத் தொடங்கினார். பெரிய பானை நிறைய வைத்தார், கொதித்ததும் ஊற்றிவிட்டு மறுபடி வைத்தார். குவளைகளைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டார், கரண்டிகளைப் போட்டார், தேவையே இல்லாமல் வடிகட்டியையும் போட்டார். மயில்வாகனம் எட்டிப் பார்த்து மனம் குளிர்ந்துபோனார். இத்தனை வருஷத்துக்குப் பிறகாவது தன் மனைவிக்குச் சுத்தத்தின் அருமை விளங்கியதே என்ற மகிழ்ச்சியில் சுபாஷினிக்குப் போன் போட்டுச் சொன்னாராம்.

மறுநாள் காலை அடுப்பு பற்றவில்லை. கேஸ் தீர்ந்துவிட்டது.

மயில்வாகனம் பதறவில்லை. சிலிண்டரைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு, கடைத்தெருவுக்குப் போய் மாற்றி வருகிறேன் என்றார். சாரதா அக்கா வண்டியின் படியில் உட்கார்ந்து வழியை மறித்தார். கையில் அவருடைய பை இருந்தது.

"அதை மாத்தினா நான் பஸ் ஏறி வீட்டை போறன்" என்றார்.

மயில்வாகனத்துக்கு விளங்கவில்லை. அவர் சிலிண்டரோடு அப்படியே நின்றார். அக்கா குரலை உயர்த்தவில்லையாம், தேவாரம் பாடுகிற மாதிரி நிதானமாகவே சொன்னாராம்.

"உங்களுக்கு இது வேன். எனக்கு இது சமைக்கிற குசினி. சில்லுப் பூட்டின குசினி. வீட்டிலயாவது அதை விட்டிட்டு வெளிய வரலாம். இஞ்ச அது எனக்குப் பின்னாலயே வருது."

"நீர் ஏன் அப்பவே சொல்லேல்லை?"

"நீங்கள் கேட்டனீங்களே?"

பிறகு அக்கா, நேற்றுப் பின்னேரம் அத்தனை தண்ணீர் கொதிக்க வைத்தது கேஸ் தீரட்டும் என்றுதான் என்பதையும் சொல்லிவிட்டார். மயில்வாகனம் சிலிண்டரை இறக்கி மணலில் வைத்தார். கொஞ்ச தூரம் நடந்துபோய், நாற்காலியும் இல்லாமல், வெறும் மணலில் உட்கார்ந்தார். அந்த மணலில் என்னென்ன இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா. இருந்தும் உட்கார்ந்தார். வாழ்நாளெல்லாம் மற்றவர்களுடைய சமையலறைகளில் குற்றம் கண்டுபிடித்தவர் தம் வீட்டுச் சமையலறைக்குள் ஒருநாள்கூடச் சரியாக நுழைந்து பார்க்கவில்லை. அவர் என்னிடம் இதை இந்தச் சொற்களில் சொல்லவில்லை. "அண்டைக்குக் கனநேரம் கடலைப் பாத்தன்" என்றுதான் சொன்னார். ஆனால் சொல்லும்போது தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார்.

திரும்பி வந்தவர் வண்டியை எடுத்தார். அக்கா பையோடு பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். பஸ் நிலையத்தைத் தாண்டி வண்டி சித்தியவான் கடைத்தெருவுக்குள் திரும்பியது.

கடை முகப்பில் அவர் வழக்கம்போல அண்ணாந்து பார்த்தார். பார்த்தது திருப்தியில்லை. உள்ளே போய், சமையல்கட்டைப் பார்க்க வேண்டும் என்று தம் பழைய அதிகாரக் குரலில் மலாயில் கேட்டார். கடைக்காரச் சீன அம்மாள் அவர் கழிப்பறை தேடுகிறார் என்று நினைத்துப் பின்பக்கம் கைகாட்டினார். அங்கே வைன் ஜாடிகள் வரிசையாக இருந்தன. அந்த அம்மாள் பின்னாலேயே வந்து, பெருமையாக ஒரு ஜாடியின் மூடியைத் திறந்து காட்டினார். மயில்வாகனம் குனிந்து முகர்ந்தார். கொஞ்ச நேரம் நிமிரவே இல்லை.

வெளியே மேசையில் சாரதா அக்கா பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். "பசியில்லை" என்ற சொல் வந்தால் எழுந்து நடந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தாராம். மயில்வாகனம் வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"அல்ககோல் இருக்கு, நல்லாக் கொதிக்கவும் வைக்கினம்" என்றார், தீர்ப்புச் சொல்கிறவர் மாதிரி. "கிருமிக்கு ரெண்டு பக்கத்தாலயும் அடி. தப்பாது."

இரண்டு மங்கு வந்தது. இஞ்சியும் கோழியும் மிதக்கிற சிவப்புச் சாறு, அடியில் நூல் நூலாக மீ. அக்கா முதல் வாயை விழுங்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். தான் நறுக்காத இஞ்சி, தான் கழுவாத கோழி. மயில்வாகனம் கிருமியின் நிலவரத்தை விளக்கியபடியே குடித்தார். பாதி மங்கில் விளக்கம் நின்றுபோயிற்று. அக்கா மூன்று விரல் அளவு காட்டி இன்னும் கொஞ்சம் வைன் ஊற்றச் சொன்னார். அவரும் தம் மங்கை நீட்டினார். பிறகு இன்னொரு மங்கு வாங்கினார்.

அவருடைய காதுகள் சாற்றின் நிறத்துக்கு வந்ததும் ஒரு சிக்கல் வந்தது. சட்டத்தை மீறி அறியாத மனிதர், வைன் சாப்பிட்ட நிலையில் வண்டி ஓட்ட முடியாது என்று சொல்லிவிட்டார். கடைக்கார அம்மாள் சிரித்துச் சிரித்து ஓய்ந்துபோனார். மயில்வாகனம் சாவியை அவரிடமே பத்திரமாக ஒப்படைத்துவிட்டு, கடை வாசலில் நின்ற பல் வண்டிக்குள் படுத்துச் சாயங்காலம் வரை குறட்டை விட்டார். சாரதா அக்கா தனியாக ஊரைச் சுற்றினார். சூடான கோம்பியா ரொட்டி வாங்கி நடந்துகொண்டே தின்றார். கோயில் தேவாரக் குழுவுக்கு இந்த வைன் விஷயம் தெரியக்கூடாது என்று விமலாவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். விமலா என்னிடம் மட்டும்தான் சொன்னாள்.

வீடு திரும்பிய பிறகு மயில்வாகனம் சில நாட்கள் வயிற்றைத் தடவிக்கொண்டே திரிந்தார். ஏதாவது வரும் என்று ஓரளவு எதிர்பார்ப்போடுதான் இருந்தார் என்று நினைக்கிறேன். ஒன்றும் வரவில்லை. இப்போது வண்டியில் அடுப்பு இருந்த இடத்தில் இரண்டு மடக்கு நாற்காலிகள் இருக்கின்றன. பழக்கம் மாறிவிடவில்லை. இன்னும் அண்ணாந்து பார்க்கிறார், இன்னும் மேசையைத் தடவுகிறார். இதையெல்லாம் முடித்துவிட்டு, பெருமூச்சு விட்டு, சாப்பாடு கேட்கிறார்.

போன மாதம் நானும் விமலாவும் எங்கள் காரில் அவர்களுக்குப் பின்னாலேயே தெலுக் பாத்திக் வரை போனோம். கடற்கரைக் கடையில் நால்வருக்கும் பொதுவாக ஒரு பெரிய சுட்ட மீன் வந்தது. வந்ததும் ஒரு ஈ பறந்து வந்து அதன் மேல் உட்கார்ந்தது. நாங்கள் மூவரும் பேச்சை நிறுத்திவிட்டு மயில்வாகனத்தையே பார்த்தோம். அவர் இடக்கையால் ஈயை விரட்டினார். அது உட்கார்ந்திருந்த துண்டைக் கரண்டியால் அளந்து வெட்டியெடுத்து, மரியாதையாக என் தட்டில் வைத்தார். பிறகு மறுபக்கத்துச் சதையை முள் நீக்கி எடுத்து, சாரதா அக்காவின் சோற்றின் மேல் வைத்தார்.