சாவி வரும்வரை இடது கால்

முதல் பட்டதாரிச் சான்றிதழ் என்று ஒன்று உண்டு. குடும்பத்தில் இதற்கு முன் யாரும் பட்டம் வாங்கியதில்லை என்று தாலுகா அலுவலகத்தில் எழுதித் தருவார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்கே யாரும் போனதில்லை. அதற்குத் தனிச் சான்றிதழ் இல்லாததால் இதைக் கொண்டே திருப்திப்பட்டுக்கொண்டோம். லேமினேட் செய்து டிவிக்கு மேலே மாட்டியிருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் கவனிக்காமல் உட்கார்ந்தால் நானே காட்டுவேன். அந்தச் சான்றிதழ் கொடுத்த திமிரில்தான் எங்கள் பஜார் பெண்களை ஒரு வரி உயர்வுக்குச் சம்மதிக்க வைத்தேன்.

அம்மா பஜாரில் தரைக்கடை போடுகிறாள். தையல் கோணியது, கறை பட்டது என்று ஷூ கம்பெனிகள் கழித்துப் போடும் ரிஜெக்ட் சரக்கை வாங்கி விற்பது வேலை. அவளைப் போல ஒரு வரிசைப் பெண்கள். எல்லோருக்கும் ஒரே பழக்கம்: தார்ப்பாயில் இடது கால்கள் மட்டும் அடுக்கியிருக்கும். வலது கால்கள் முதுகுக்குப் பின்னால் மூட்டையில் இருக்கும். ஒற்றைச் செருப்பைத் திருடிக்கொண்டு ஓடுகிறவன் எங்கள் ஊரில் இன்னும் பிறக்கவில்லை. விலை படிந்த பிறகுதான் வலது கால் வெளியே வரும்.

பஜாரில் கழிப்பறை கிடையாது. ஆண்களுக்கு அந்தக் கவலை இல்லை, சந்தின் கடைசியில் நீளமான சுவர் இருக்கிறது. அம்மா காலையில் அரை டம்ளர் காப்பி குடித்துவிட்டு வந்தால், பொழுது சாய்ந்து வீடு திரும்பும்வரை தண்ணீரைத் தொடமாட்டாள். இரண்டு தடவை நீர்க்கடுப்பும் குளிர்காய்ச்சலும் வந்து வேலூருக்கு அழைத்துப் போனேன்.

"நெறைய தண்ணி குடிக்கணும்மா. இன்னொரு வாட்டி வந்தா கிட்னி தாங்காது" என்றார் டாக்டர்.

"குடிச்சிட்டு எங்க சார் போறது?" என்றாள் அம்மா.

அதற்கு அவர் மருந்து எழுதித் தரவில்லை.

அப்போதுதான் நகராட்சி நோட்டீஸ் வந்தது. தரைக்கடைகளிடம் நாள்தோறும் வாங்கும் சுங்கம் உயர்த்தப்படும்; அதிகமாக வரும் தொகையில் பஜார் மேம்படுத்தப்படும்; 'மகளிர் கழிப்பறை உள்ளிட்ட' வசதிகள் செய்யப்படும்; ஆட்சேபணை உள்ளவர்கள் எழுத்துமூலம் தெரிவிக்கலாம். எழுதத் தெரியாதவர்களுக்கு ஆட்சேபணை இருக்காது என்பது அவர்கள் கணக்கு. அந்த வரிசையில் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்தி. நான் ஆட்சேபணை எழுதவில்லை. 'மனமார வரவேற்கிறோம்' என்று எழுதினேன்.

அம்மாவுக்குப் பக்கத்துக் கடை காலாவுக்கு மட்டும் சந்தேகம். காலா என்றால் உருதுவில் சித்தி; அவருக்கு நான் பேட்டி, அதாவது மகள். அவர் லேடீஸ் செருப்பு விற்கிறார். உருது வீட்டுக்கு, தமிழ் வியாபாரத்துக்கு, இரண்டும் கலந்து சண்டைக்கு.

"இன்னா பேட்டி, காசு மொதல்ல, கக்கூஸ் பின்னாலயா? நாம எப்பனா ரெண்டு காலையும் குடுத்துட்டு காசு கேட்டிருக்கோமா?"

"காலா, இது கவர்மெண்ட். எழுத்துல போட்டிருக்காங்க" என்றேன், சிறு குழந்தைக்குச் சொல்வது போல.

எல்லோரும் கைநாட்டு வைத்தார்கள். மனுவைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அதிகாரி என் கையெழுத்தை வெகுவாகப் பாராட்டினார். எனக்கு இரண்டு நாள் தரையில் கால் பாவவில்லை.

மறு மாதமே சுங்கம் உயர்ந்தது. அந்த விஷயத்தில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. மேம்பாடும் உடனே ஆரம்பித்தது. முதலில் பஜார் வாசலில் ஒரு வரவேற்பு வளைவு வந்தது. எங்களை யார் வரவேற்கிறார்கள் என்று தெரியவில்லை, நாங்கள் ஏற்கெனவே உள்ளேதான் இருந்தோம். அடுத்து, தோல் ஊர் என்பதற்காக ஆளுயர ஃபைபர் ஷூ ஒன்று. அதன் வாயிலிருந்து நாளெல்லாம் தண்ணீர் கொட்டும். பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொள்ளலாம். அதுவும் ஒற்றைக் கால்தான். இடது.

அம்மா அதைச் சிறிது நேரம் பார்த்தாள்.

"குடுத்து வெச்ச ஷூ. நாள் பூரா ஜனங்க எதிர்லயே ஊத்துது, கேக்க ஆளில்ல."

'உள்ளிட்ட' என்ற சொல்லுக்குள் இத்தனை இடம் இருக்கிறது என்று எனக்குக் கல்லூரியில் யாரும் சொல்லித்தரவில்லை.

கழிப்பறையும் கடைசியில் வந்தது. பொய் சொல்லக்கூடாது. ரோஸ் நிறத்தில், அழகான ஓடு பதித்து, கதவில் பெரிய பூட்டோடு வந்தது. சாவி சுங்கச் சீட்டு கிழிக்கும் ஆளிடம் இருந்தது.

"பெரியவர் வந்து தொறந்து வெக்கணும்க்கா. தேதி கெடைக்கல" என்றார் அவர்.

நான் மனு எழுதினேன். அதற்கு ரசீது கொடுத்தார்கள். இன்னொன்று எழுதினேன். இன்னொரு ரசீது. என் கையெழுத்தை இப்போது யாரும் பாராட்டவில்லை. தேதி மட்டும் கிடைக்கவே இல்லை. அம்மாவுக்கு மறுபடியும் கடுப்பு ஆரம்பித்தது. மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி, தண்ணீர் இல்லாமல் விழுங்கினாள். வரிசையில் யாரும் என்னைத் திட்டவில்லை. "படிச்ச பொண்ணு சொல்லிச்சு" என்று மட்டும் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

ஒரு சனிக்கிழமை நான் கடையில் இருந்தபோது அந்தச் சுங்கச் சீட்டுக்காரர் வந்தார். மச்சினனுக்குக் கல்யாணமாம். பளபளவென்று ஒரு கறுப்பு ஷூவை எடுத்து, காலில் போட்டுப் பார்த்து, "எட்டு. கரெக்டா கீது. மாப்பிள்ளைக்கும் இதே சைஸ் தான்" என்றார். அவர் எடுக்கும் ஜோடிக்குக் காசு கேட்கும் வழக்கம் இல்லை. அம்மா மறுபேச்சு பேசாமல் பேப்பரில் சுற்றி, நூல் கட்டிக் கொடுத்தாள்.

மறுநாள் காலை பொட்டலத்தோடு வேகமாக வந்தார்.

"இன்னாக்கா இது? ஒத்தக் காலு தான் கீது! நாளைக்கு முகூர்த்தம்!"

"இன்னொரு காலு மூட்டையில கீது, தம்பி."

"எடுத்துக் குடு."

"பெரியவர் வந்து மூட்டைய தொறந்து வெக்கணும்ப்பா. தேதி கெடைக்கல."

வரிசை முழுவதும் சிரித்தது. அவர் அடுத்த கடைக்குப் போனார். அங்கே இடது கால்தான் இருந்தது. அதற்கடுத்த கடையிலும் அதேதான். காலா ஜிமிக்கி வைத்த ஒரு லேடீஸ் செருப்பைத் தூக்கிக் காட்டினார்.

"இது வேணா ஜோடியா தர்றேன், தோஸ்த். மாப்பிள்ளைக்குப் புடிக்கும்."

சீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "படிச்ச பொண்ணு, நீயாச்சும் சொல்லும்மா."

"எழுத்துமூலமா குடுங்கண்ணா, பாக்கலாம்" என்றேன். அன்றைக்குத்தான் என் படிப்பு முதன்முதலாகப் பஜாரில் கைதட்டு வாங்கியது.

பத்து நிமிடத்தில் சாவி வந்தது. அம்மா முதலில் சாவியை வாங்கி இடுப்பில் செருகினாள், பிறகு வலது காலை எடுத்துக் கொடுத்தாள். எங்கள் வழக்கம் அதுதான், நான்தான் மறந்திருந்தேன்.

உள்ளே ஓடு இருந்தது, கண்ணாடி இருந்தது, குழாய் இருந்தது. குழாயில் தண்ணீர் இல்லை. இவ்வளவு தூரம் வந்தபின் அதற்கு இன்னொரு மனு எழுத எனக்குப் பொறுமை இல்லை. இரண்டு பக்கெட்டை எடுத்துப்போய் ஃபைபர் ஷூவின் வாயில் பிடித்தேன். செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தவர்கள் முகம் சுளித்து நகர்ந்தார்கள்.

அம்மா போய்விட்டு வந்து தார்ப்பாயில் உட்கார்ந்தாள். காலாவிடம் பாட்டில் வாங்கி, வெயில் ஏறிய பதினோரு மணிக்கு, நடு பஜாரில், அண்ணாந்து மடமடவென்று குடித்தாள். பாதியில் நிறுத்தி மூச்சு வாங்கிவிட்டு மீதியையும் குடித்தாள்.

இரண்டு மாதம் கழித்துப் பெரியவருக்குத் தேதி கிடைத்தது. பந்தல், ரிப்பன், கல்வெட்டு எல்லாம் தயார். சாவிக்கு மட்டும் அம்மா கடைக்கு ஆள் அனுப்ப வேண்டியிருந்தது. அம்மா மூட்டைக்குள் கை விட்டு, வலது கால்களுக்கு நடுவிலிருந்து சாவியை எடுத்தாள். கொடுக்காமல் என் பக்கம் திரும்பினாள்.

"வாங்கிக்கினேன், சாயங்காலம் திருப்பித் தர்றேன்னு எழுதி கையெழுத்து வாங்கு."

எழுதினேன். இந்தத் தடவை 'உள்ளிட்ட' என்ற சொல்லைப் போடவில்லை.