யோரிஸ் விழுங்கிய இரண்டு சுரங்கள்

பக்கத்தில் நிற்பவர் தோளில் விரலால் தட்டுவது அன்னெலீனின் பழக்கம். ஃப்ரைஸ் கடை வரிசையில், மழைக்கு ஒதுங்கிய வாசலில், கல்யாண விருந்தில், எங்கே நின்றாலும் விரல் தட்டிக்கொண்டிருக்கும். தெரிந்தவரா, தெரியாதவரா என்று அது பார்ப்பதில்லை. இத்தனை வருஷத்தில் அந்தத் தட்டலின் வேகம் கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை என்பான் கூடப் படித்த யோரிஸ். லூவன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் வாரத்திலிருந்து அந்த விரலுக்கு வாய்த்தது அவனுடைய இடது தோள்தான்.

அவர்கள் அங்கே படித்தது ஐந்நூறு, அறுநூறு வருஷத்துக்கு முந்தைய பாட்டு. அந்தக் காலத்தில் நாலு பேர் பாடினால் நாலு ஏடு. அவரவர் ஏட்டில் அவரவர் குரல் மட்டும் இருக்கும். அடுத்தவர் என்ன பாடப்போகிறார் என்பது பாடும்போதுதான் தெரியும். தாளத்தைப் பிரித்துக் காட்டக் கோடும் கிடையாது. அதனால் ஒருவர் தோளில் ஒருவர் தட்டித் தாளத்தைக் கடத்துவார்கள். வகுப்பு முடிந்ததும் மற்றவர்களின் விரல் அடங்கிவிடும். அன்னெலீனுக்கு அடங்கவில்லை.

அவள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் அவள். அப்பா ஹூகோ பஸ் ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் அத்தை ஆரம்பிப்பாள்: "செத்துப்போனவங்க பாட்டைப் படிக்கிற. சரி, சம்பளமும் அவங்களே வந்து குடுப்பாங்களா?"

"உயிரோட இருக்கிறவங்க மட்டும் ஒழுங்காக் குடுக்குறாங்களாக்கும்" என்பார் ஹூகோ. அவர் மகளிடம் ஒரு நாளும் இதெல்லாம் எதற்கு என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். கேட்காததால் அந்தக் கேள்வியை அவளே தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. அப்பா விடியற்காலையில் வண்டி எடுக்கிறார். நான் பாடிக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறேனே, இது நியாயமா? நாலு குரலும் ஓரிடத்தில் வந்து சேரும்போது மட்டும் அந்தக் கேள்வி வாயை மூடிக்கொள்ளும்.

கடைசித் தேர்வில் நடுக்குரலை அவள் தாங்க வேண்டும். யோரிஸ் கீழ்க்குரல், மேல்குரல்களுக்கு இரண்டு தோழிகள். தேறாவிட்டால் பட்டம் கிடையாது.

"வரட்டுமா?" என்று அப்பா கேட்டார். "அன்னிக்கு என் வண்டி அந்தப் பக்கம்தான். நடுவுல அரைமணி ஓய்வு இருக்கு."

சீருடையோடே வந்து, ரொட்டி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, முதல் வரிசையில் உட்கார்ந்தார்.

பாட்டின் நடுவே அவளுக்கு நீண்ட மௌனம் ஒன்று உண்டு. எண்ணிக்கொண்டே நிற்க வேண்டும். எண்ணும்போது கண் அப்பா பக்கம் போயிற்று. இரண்டு கையையும் ஸ்டியரிங் பிடித்தது போல முன்னால் வைத்துக்கொண்டு, குரல் உயரும் இடத்திலெல்லாம் வலது காலால் தரையை மிதித்துக்கொண்டிருந்தார். மகளுக்காக பிரேக் போடுகிறார். அவளுக்குச் சிரிப்பு முட்டியது. எண்ணிக்கை போயிற்று. முந்திக்கொண்டு நுழைந்துவிட்டாள்.

நாலு குரலும் ஒன்றோடொன்று ஒட்டாமல் புளித்தன. விரல் யோரிஸின் தோளிலேயே உறைந்துவிட்டது. பாட்டை நிறுத்துகிறவர் எல்லாருக்கும் அரிசி டார்ட் என்கிற இனிப்பு வாங்கித் தர வேண்டும் என்பது அவர்கள் கூட்டத்தின் சட்டம். இன்று போகப்போவது டார்ட் மட்டும் இல்லை, பட்டமும்தான். அப்பாவின் முகத்தை அவள் பார்க்கவே இல்லை.

அப்போது யோரிஸ் தன் ஏட்டில் இரண்டு சுரங்களைப் பாடாமல் அப்படியே விழுங்கிவிட்டு, தாவி அவளோடு வந்து நின்றான். அவன் தாவியது கேட்டு மேல்குரல்கள் இரண்டும் தாவின. புளிப்பு தெளிந்து தேனாயிற்று. விரல் தானாகத் தட்ட ஆரம்பித்தது.

முடிந்ததும் பேராசிரியர் ஹெந்த்ரிக்ஸ் அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "யோரிஸ், கீழ்க்குரல்ல ரெண்டு சுரத்தைக் காணோமே?"

"பசி மேடம். விழுங்கிட்டேன்."

"இல்ல மேடம், நான்தான் முந்திட்டேன்" என்றாள் அன்னெலீன். "இவங்க ஓடிவந்து சேர்ந்துகிட்டாங்க."

"தெரியும். காதை என்ன வாடகைக்கா விட்டிருக்கேன்? மௌனத்தை எண்ணத் தெரியல, அதுக்கு மார்க் போச்சு. பாட்டு நிக்கல, அதனால பாஸ். போங்க, அந்தப் பையனுக்கு ஏதாவது சாப்பிடக் குடுங்க."

வெளியே அப்பா ரொட்டியைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"எப்படிப்பா இருந்தது?"

"நல்லா இருந்ததும்மா. நடுவுல ஒரு இடத்துல நாலு பேர் மூஞ்சியும் ஒரேயடியா மலர்ந்ததே, அது எந்த இடம்?"

"அது நான் தப்புப் பண்ண இடம்பா."

"அப்படின்னா அடிக்கடி பண்ணு" என்று சொல்லிவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டு பஸ்ஸைப் பார்க்கப் போனார்.

இப்போது அன்னெலீன் ஊர் இசைப்பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறாள். அத்தைக்கு இன்னும் திருப்தி இல்லை. நால்வரும் மாதம் ஒருமுறை யோரிஸின் சமையலறையில் கூடிப் பாடுகிறார்கள்.

"டார்ட் வாங்கித் தரேன்டா, கணக்கை முடி" என்று அவள் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள்.

"பாட்டு நிக்கலையே, டார்ட் எதுக்கு? என் ரெண்டு சுரத்தைக் குடு."

அதைத் தர ஒரே வழிதான். அவன் தவற வேண்டும், அவனுக்காக அவள் விழுங்க வேண்டும். போன வசந்தத்தில் அவன் பெருந்தன்மையாக வேண்டுமென்றே முந்திப் பார்த்தான். வாயைத் திறந்து முழுச் சுரம் வெளியே வருவதற்குள் தோளில் அவள் விரல் தாளம் தவறாமல் இறங்கியது. அவன் சரியான இடத்துக்கே திரும்பிவிட்டான்.

"கடனைத் தீர்க்க விடமாட்டேங்குறியேடி" என்றான் பாட்டு முடிந்ததும்.

"நான் என்ன பண்ணேன்?" என்றாள் அன்னெலீன். விரல் அப்போதும் தட்டிக்கொண்டிருந்தது.