எடின்பரோவில் மிஞ்சிய ஒரு இடம்

எடின்பரோவில் ஒரு மனிதரிடம் நான் பொய் சொன்னேன். நாங்கள் வாழும் ஹேர்னிங் நகரத்திலிருந்து சுற்றுலா போன எங்கள் குழுவில் அவர் ஓய்வுபெற்ற நெசவாலை மெக்கானிக். பார்க்கவேண்டிய இடங்களைத் தாளில் எழுதி, பார்த்ததும் பென்சிலால் கீறிவிடுவார். கடைசி நாள் மிஞ்சியது, பழைய நீராவி இயந்திரம் உள்ள மியூசியம். எனக்கோ விஸ்கி பாருக்குப் போகும் அவசரம்.

“டிக்கெட் முடிஞ்சுதாம் அண்ணை.”

தாளை மடித்துக்கொண்டு, பாரில் என்னோடு தோடம்பழச் சாறு குடித்தார். அந்த மியூசியத்துக்கு டிக்கெட்டே இல்லை, இலவசம்.

போன மாதம் எடின்பரோவுக்கு இரண்டு விமானச் சீட்டோடு அவர் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன்.

“அப்ப அந்த மெசினைப் பாக்கலாமோ!” என்று எழும்பிவிட்டார்.

மியூசியத்துக்குள் ஓட்டமும் நடையுமாகப் போனவர், இயந்திரத்தின் முன்னால் அந்தப் பழைய தாளை விரித்து, பென்சிலை என்னிடம் நீட்டினார். மிஞ்சிய அந்த வரியைத் தேடினேன்.

“கெதியாக் கீறு தம்பி, உன்ர பாரைப் பூட்டப்போறாங்கள்!”